தலையாட்டினால் விளங்கியதாகுமா?

சென்ற வருடம் எங்கள் உம்மும்மா வைத்தியசாலையில் துண்டு வெட்டி, இன்சுலினோடு வீடு வந்தார். புறப்படுமுன் தாதி எல்லாவற்றையும் விளக்கினார், உம்மும்மா தலையாட்டினார். மூன்றாம் நாள் காலை வயிற்றுப் பிரட்டலால் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. ஊசியை மட்டும் வழமைபோல் ஏற்றிக்கொண்டார். சற்று நேரத்தில் வியர்த்துக் கொட்டியது; கை நடுங்கியது; பேச்சுக் குழறியது.

மீண்டும் அதே விடுதி. இம்முறை வேறொரு தாதி கட்டிலருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். பின்னர், "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும் உம்மா. சாப்பாடு இறங்காத நாளில் என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"ஊசியைத் தவற விடக் கூடாதுதானே மகள்" என்றார் உம்மும்மா. பிழை எங்கே என்று அப்போதுதான் தெரிந்தது.

உணவுக்கு முன் ஏற்றும் இன்சுலின் உண்ணப்போகும் உணவுக்கானது. சாப்பிட முடியாவிட்டால் சீனியின் அளவைப் பார்த்து, ஊசி ஏற்றுமுன் வைத்தியரிடம் கேட்க வேண்டும். அளவு 70இற்குக் கீழே இறங்கினால், நினைவோடு விழுங்கக்கூடியவருக்கு 15 கிராம் சீனியை, ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி, நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நோயாளியையே திருப்பிச் சொல்ல வைக்கும் இம்முறை, விளக்கியவர் தமக்குத் தாமே வைத்துக்கொள்ளும் பரீட்சை. அதற்குச் சில நிமிடங்களே போதும்.

தாதியர் கேட்க மறந்தால், தோழியரே, பெற்றோரே, நாமே கேட்போம்: "எனக்கு விளங்கியதை ஒருமுறை சொல்லட்டுமா?"