பெரிய பீரங்கி இல்லாமல் போருக்குப் போன கப்பல்!

போருக்குப் புறப்படும் சிப்பாயின் தோளில் துப்பாக்கி இருக்க வேண்டும். "துப்பாக்கி இன்னும் வந்து சேரவில்லை, பரவாயில்லை, நீ போ" என்று அனுப்பி வைத்தால் எப்படி இருக்கும்?

500 பேருக்கு மேல் ஏறிச் சென்ற ஒரு போர்க்கப்பலுக்கே அந்தக் கதி ஏற்பட்டது. ஸ்பெயின் நாட்டுக் கவசக் கப்பலான அதன் பெயர் "கிறிஸ்டோபல் கோலன்". கொலம்பசை ஸ்பெயின் மக்கள் அழைக்கும் பெயர் அது.

ஜெனோவாவில் பிறந்தது

இத்தாலியில் ஜெனோவா நகரை அடுத்த கப்பல் தளத்தில், அன்சால்டோ கம்பெனி இதைக் கட்டியது. முதலில் இத்தாலியக் கடற்படைக்காகத்தான் வேலை தொடங்கியது. பாதியில் ஸ்பெயின் விலை பேசி வாங்கிக்கொண்டது. 1896-ம் ஆண்டு கப்பல் நீரில் இறங்கியது. 1897-ம் ஆண்டு மே மாதம் ஸ்பெயின் கொடி ஏறியது.

கப்பலை வடிவமைத்தவர் எடோர்டோ மாஸ்டியா என்ற இத்தாலியப் பொறியாளர். நீளம் சுமார் 365 அடி. எடை 6,800 டன்னுக்கு மேல். பக்கவாட்டில் சுமார் 6 அங்குல கனத்துக்கு எஃகுக் கவசம். மணிக்கு 20 கடல் மைல் வரை ஓடும். 6 அங்குலப் பீரங்கிகள் மட்டும் பத்து. ஸ்பெயின் படையில் இதைவிட நவீனமான கப்பல் வேறு கிடையாது.

ஆனால், ஒரே ஒரு குறை!

முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்றாக இரண்டு 10 அங்குலப் பீரங்கிகள் பொருத்துவதாகத் திட்டம். கொடுக்க வந்த பீரங்கிகள் ஸ்பெயின் கடற்படைக்குத் திருப்தி தரவில்லை. வேறு பீரங்கி கேட்டார்கள். பேச்சு நீண்டுகொண்டே போனது. பீரங்கி வரவில்லை, போர் வந்துவிட்டது!

தளபதியின் எச்சரிக்கை

1898-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி, கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் "மெய்ன்" என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்து மூழ்கியது. கியூபா அப்போது ஸ்பெயின் ஆட்சியில் இருந்தது. ஏப்ரலில் இரு நாடுகளுக்கும் போர் மூண்டது.

ஸ்பெயின் கப்பல் அணிக்குத் தளபதி, அட்மிரல் பாஸ்குவல் செர்வேரா. கோலனுக்குப் பெரிய பீரங்கி இல்லை, மற்ற கப்பல்களும் தயாராக இல்லை என்று அவர் மேலிடத்துக்குப் பலமுறை எழுதினார். பலன் இல்லை. "புறப்படு" என்றே உத்தரவு வந்தது.

நான்கு கவசக் கப்பல்களுடன் அட்லாண்டிக் கடலைத் தாண்டிய அவர், மே 19-ந் தேதி கியூபாவின் சாண்டியாகோ துறைமுகத்துக்குள் நுழைந்தார். சில நாட்களில் அமெரிக்கக் கப்பல்கள் வெளியே வந்து வாசலை அடைத்து நின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலை

துறைமுகத்தை விட்டு வெளியேறும்படி ஹவானாவிலிருந்து கவர்னர் பிளாங்கோ உத்தரவிட்டார். ஜூலை 3-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை 9.30 மணிக்குப் பிறகு, குறுகிய கால்வாய் வழியே ஸ்பெயின் கப்பல்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

முதலில் வந்தது செர்வேராவின் கப்பல், "இன்பான்டா மரியா தெரேசா". எதிரியின் குண்டுகளைத் தன் மேல் வாங்கிக்கொண்டால் மற்றவை தப்பலாம் என்பது அவர் கணக்கு. சுமார் ஒரு மணி நேரத்தில் அது தீப்பிடித்துக் கரை தட்டியது. "ஒகெண்டோ"வும் "விஸ்கயா"வும் அதே கதியை அடைந்தன.

கோலன் மட்டும் ஓடியது. ஒரு கட்டத்தில் அமெரிக்கக் கப்பல்களை விட சுமார் 6 மைல் முன்னால் போய்விட்டது.

நிலக்கரி தீர்ந்தது!

கப்பலின் அடித்தளத்தில், கொதிகலன்களுக்கு முன் நின்று கரி அள்ளிப் போட்டவர்கள் கையில்தான் அத்தனை உயிர்களும் இருந்தன. கோலனிடம் இருந்த நல்ல கார்டிப் நிலக்கரி பகல் ஒரு மணிவாக்கில் தீர்ந்தது. மிச்சம் இருந்தது சாண்டியாகோவில் ஏற்றிய மட்டக் கரி. அதில் போதிய நீராவி எழவில்லை. வேகம் விழுந்தது.

துரத்தி வந்தவை "புரூக்ளின்", "ஓரிகன்". ஓரிகன் சாதாரணமாகக் கோலனைவிட வேகம் குறைந்த கப்பல். ஆனால் அன்று அதன் எல்லாக் கொதிகலன்களும் தயாராக இருந்தன. அதன் 13 அங்குலக் குண்டுகள் கோலன் அருகே விழத் தொடங்கின. திருப்பி அடிக்கக் கோலனில் அதற்கு ஈடான பீரங்கி இல்லை.

இனி வீண் உயிர்ச்சேதம் வேண்டாம் என்று, பகல் 1.15 மணி அளவில், துர்கினோ ஆறு கடலில் சேரும் இடத்தில் கப்பலைக் கரையில் ஏற்றிக் கொடியை இறக்கினார்கள். எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று அடி வால்வுகளையும் திறந்துவிட்டார்கள். அன்றிரவே கோலன் சாய்ந்து மூழ்கியது.

அன்று ஸ்பெயின் தரப்பில் 300-க்கும் அதிகமானோர் மாண்டனர். 1,700-க்கும் மேற்பட்டோர் கைதாயினர். அமெரிக்கத் தரப்பில் இறந்தவர் ஒருவரே.

குறை யாருடையது?

இதே வடிவத்தில் மொத்தம் பத்துக் கப்பல்கள் கட்டப்பட்டன. ஜப்பான் வாங்கிய இரண்டும், முழுப் பீரங்கிகளுடன், 1905-ம் ஆண்டு சுஷிமா கடற்போரில் வென்ற அணியில் நின்றன. ஆக, குறை வடிவத்தில் இல்லை.

போர் முடிந்ததும் விசாரணைக்கு நின்றவர், முன்கூட்டியே எச்சரித்த செர்வேராதான்! கடைசியில் அவர் மீது குற்றமில்லை என்று விடுவித்தார்கள்.

ஜெனோவா கொலம்பஸ் 1492-ம் ஆண்டு கியூபாவில் ஸ்பெயின் கொடியுடன் கால் வைத்தார். ஜெனோவாவில் பிறந்து அவர் பெயரைத் தாங்கிய கப்பல், 406 ஆண்டுகள் கழித்து அதே கியூபாக் கரையில் அந்தக் கொடியை இறக்கியது.