சின்ன ஸ்பீக்கர் நல்லா இருக்குதா? யாரைக் கேட்பது?



நம்மில் யார் வீட்டில் ஸ்பீக்கர் இல்லை? குடிசை ஆனாலும் மாடி வீடு ஆனாலும் பாட்டுக் கேட்க ஒரு சின்னப் பெட்டி இருக்கத்தான் செய்கிறது. மின்னணுவியல் படிக்கிறோம் என்று தெரிந்தால் போதும், தெருவில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஸ்பீக்கர் வாங்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லி மாட்டிக்கொண்டவள் நான். அதில் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்க நைனா இருபது வருஷம் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டியவர். இப்போது கனகம்மாசத்திரத்தில் மெயின் ரோட்டோரம் டீக்கடை வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்தவள் நான் ஒருத்திதான். போன பொங்கலுக்கு இரண்டாயிரம் ரூபாய் சேர்த்து வைத்து, "பாப்பா, நீதான் படிக்கிறியே, நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லு" என்றார். நானும் ஏற்கெனவே வாங்கியவர்களைக் கேட்டேன். தையல்கடை அண்ணன், "சூப்பர் பேஸ்மா, கண்ணை மூடிட்டு வாங்கு" என்றார். அட்டைப்பெட்டியில் 3000 வாட் என்று வேறு பெரிதாகப் போட்டிருந்தது. வாங்கிவிட்டோம்.

வீட்டில் போட்டதும் என் முகம் போன போக்கை என்ன சொல்ல! "கிணத்துக்குள்ள நின்னு பேசுற மாதிரி கீது, வார்த்தையே புரியல" என்றார் நைனா. "எனக்கு என்னவோ காது கூசுது" என்றார் அம்மா. ஒரே பெட்டி, ஒரே பாட்டு, இரண்டு புகார்! நைனா திட்டவில்லை. "பரவால்ல வுடு" என்றார். அந்தப் "பரவால்ல"தான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. படித்த பெண் சொல்லி வாங்கியது இல்லையா?

3000 வாட் எங்கே போனது?

முதலில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கூடவே கொடுத்த அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று சின்ன எழுத்தில் இருந்தது. முதலாண்டிலேயே படித்த கணக்குதானே நண்பர்களே! 12ஐ 2ஆல் பெருக்கினால் 24 வாட். உள்ளே போவதே 24 வாட் என்றால் வெளியே 3000 வாட் எப்படி வரும்?

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 3000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர். நம் வீட்டு 5 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகினால் ஃபியூஸ் தாங்குமா? இஸ்திரிப் பெட்டியே சுமார் 1000 வாட்தானே!

பெட்டியில் அச்சடிப்பது பி.எம்.பி.ஓ. என்கிற கணக்கு. ஒரு கணநேர உச்சத்தை எப்படி எப்படியோ பெருக்கிச் சொல்வது. அதற்கென்று ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட் என்பதுதான் தொடர்ந்து தரக்கூடிய சக்தி. அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடாப்டரைப் பாருங்கள். அடாப்டர் பெரும்பாலும் பொய் சொல்லாது.

வாட்டைவிட முக்கியமான இன்னொரு எண் உண்டு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பதே அது. இதை உணர்திறன் என்கிறோம். சக்தியை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல்தான் கூடும். அதனால் 87 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் 10 வாட்டில் தரும் சத்தத்தை, 84 டெசிபல் ஸ்பீக்கர் தருவதற்கு 20 வாட் வேண்டும். திருத்தணி ஆடிக் கிருத்திகைக்குக் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி சில பத்து வாட்டிலேயே ஊருக்கே கேட்பது இதனால்தான். அதன் உணர்திறன் மிக அதிகம். ஆனால் அதில் பேஸ் வராது.

பெட்டி சிறிது, ஆசை பெரிது

இன்று நாம் பயன்படுத்தும் காயில் ஸ்பீக்கரின் வடிவத்தை அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925ல் வெளியிட்டார்கள். அதன்பின் பல வருஷம், நல்ல பேஸ் வேண்டுமானால் பீரோ அளவு பெட்டி வேண்டும் என்ற நிலைதான் இருந்தது. 1954ல் எட்கர் வில்ச்சூர் என்பவர் காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டியைச் செய்தார். உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் போல வேலை வாங்கினார். அலமாரியில் வைக்கிற ஸ்பீக்கர்களுக்கு வழி திறந்தது அப்போதுதான்.

ஆனால் இயற்கை சும்மா விடுமா? சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக உணர்திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒன்றாகப் பெற முடியும் என்று ஹாஃப்மன் என்ற பொறியாளர் காட்டினார். காரணம் எளிது. ஒரே அளவு சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியானால் கூம்பு தள்ள வேண்டிய காற்றின் அளவு நான்கு மடங்காகிறது. எட்டு அங்குலக் கூம்பின் பரப்பில் கால் பங்குதான் நான்கு அங்குலக் கூம்புக்கு உண்டு. அது எவ்வளவுதான் முன்னும் பின்னும் ஓடும், பாவம்!

அதனால் விலை குறைந்த சின்னப் பெட்டிகள் பலவற்றில் ஒரு தந்திரம் செய்கிறார்கள். நிஜமான ஆழ்ந்த பேஸ் வராததை மறைக்க, 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சத்தத்தைத் தூக்கிவிடுகிறார்கள். கடையில் ஒரு நிமிஷம் கேட்டால் "அடேங்கப்பா!" என்போம். வீட்டில் ஒரு மணி நேரம் கேட்டால் தலை வலிக்கும்.

ஒரே பெட்டி, மூன்று வீடு

அடுத்து, அதே மாடலை வாங்கிய இரண்டு பேரிடம் போய் நேரில் கேட்டேன். தையல்கடை அண்ணன் பெட்டியை இரண்டு சுவர் சேரும் மூலையில், பலகைமேல் வைத்திருந்தார். சுவரை ஒட்டி வைத்தாலே பேஸ் கூடும், மூலையில் இன்னும் கூடும். கடை முழுக்கத் துணி தொங்குவதால் எதிரொலியும் இல்லை. தவிர, அதற்கு முன் அவர் செல்போனிலேயே பாட்டுக் கேட்டவர். செல்போனுக்குப் பிறகு எதைக் கேட்டாலும் சூப்பர் பேஸ்தான்!

பக்கத்துத் தெருப் பெரியம்மா வீடு ஓட்டு வீடு. "தண்ணி மாதிரி தெளிவா கேக்குதும்மா" என்றார். ஓட்டுக்கு இடையிலும் தாழ்வாரத்திலும் சத்தம் வெளியே போய்விடுகிறது, திரும்பி வந்து குழப்புவதில்லை.

எங்கள் வீடோ தளம் போட்ட ஒற்றை அறை. நீளம் பத்தடி, அகலம் பத்தடி, உயரமும் ஏறக்குறையப் பத்தடி. பத்தடி என்பது 3.05 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கான 6.1ஆல் வகுத்தால் சுமார் 56 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணிலும், அதன் மடங்குகளான 112, 168 ஹெர்ட்ஸிலும் அறையே கூடச் சேர்ந்து பாடும். நீளமும் அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால் மூன்று பக்கமும் ஒரே சுருதியில் பாடும். நம் பெட்டி தூக்கிக் கொடுக்கும் 100 ஹெர்ட்ஸும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிணற்றுச் சத்தம் வந்த ரகசியம் இதுதான். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கேலி செய்வோம். ஸ்பீக்கர் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கலாம் நண்பர்களே!

இதற்கு வைத்தியம் பார்த்தோம். பெட்டிகளை மூலையிலிருந்து எடுத்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் ஸ்டூல்மேல் வைத்தோம். பின்பக்கத்துக் காற்றுக் குழலில் பழைய சாக்ஸ் ஒன்றைச் சுருட்டி லேசாகச் செருகினேன். எதிர்ச் சுவரில் கொடி கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டார் அம்மா. மெத்தையைச் சுவரோரம் சாய்த்து வைத்தோம். பைசா செலவில்லை. கிணறு பாதி தூர்ந்துவிட்டது!

வாங்கியவர் கருத்து பொய்யா?

இல்லை. போஸ் ஸ்பீக்கர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த அமர் போஸ் வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற ஒரு சுதந்திரப் போராட்ட வீரரின் மகன். 1956ல் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, விவரக் குறிப்புகளையெல்லாம் நன்றாகப் பார்த்து ஒரு ஸ்டீரியோ வாங்கினார். எண்கள் எல்லாம் பிரமாதம், கேட்டால் திருப்தி இல்லை. ஏன் என்று ஆராயத் தொடங்கினார். கச்சேரி மண்டபத்தில் நம் காதுக்கு வரும் ஒலியில் பெரும்பகுதி சுவரில் பட்டுத் திரும்பி வருவது என்ற உண்மையைப் பிடித்துக்கொண்டார். 1964ல் நிறுவனம் தொடங்கி, 1968ல் 901 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். பெட்டி வாங்கிய ஒருவரின் "நல்லா இல்லையே"தான் இத்தனைக்கும் ஆரம்பம்!

ஆக, வாங்கியவர் சொல்வது அவரைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அதில் பெட்டி மட்டும் இல்லை. அறை, வைத்த இடம், காது எல்லாம் கலந்திருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. அறை எவ்வளவு பெரிது? தளமா, ஓடா? வெறும் தரையா, சாமான் நிறைந்ததா?
2. பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? மூலையிலா, சுவரோரமா, நடுவிலா?
3. அதிகம் கேட்பது என்ன? பாட்டா, செய்தியா, சினிமாவா?
4. இதற்கு முன் எதில் கேட்டீர்கள்?
5. வாங்கி எத்தனை மாதம்? பட்டன், வயர், அடாப்டர் எதுவும் கோளாறு செய்ததா? வாங்கிய வாரத்தில் எல்லோருமே புகழ்வார்கள். ஆறு மாதம் கழித்துச் சொல்வதே நம்பத் தக்கது.

கடைக்குப் போகும்போது நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைக் கொண்டுபோங்கள். குறைந்த சத்தத்தில் கேளுங்கள். பெண் குரல் கீச்சிடுகிறதா, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தனியாகத் தெரிகிறதா, செய்தி வாசிப்பவர் சொல்வது வார்த்தை வார்த்தையாகப் புரிகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் தேறினால் வாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஆறாவது கேள்வி

இவ்வளவு செய்த பிறகும் நைனா, "இப்ப தேவலாம். ஆனா வார்த்தை இன்னும் புரியல" என்றார். அம்மாவுக்கோ ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. எனக்குச் சந்தேகம் வந்தது. செல்போனில் ஒரே சுருதியில் ஒலி எழுப்பும் செயலியைப் போட்டு, ஸ்பீக்கரில் இணைத்தேன். 500 ஹெர்ட்ஸ், "கேக்குது" என்றார். 1000 ஹெர்ட்ஸ், "கேக்குது". 4000 ஹெர்ட்ஸ் போட்டேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

நைனா என்னைப் பார்த்து, "இன்னா பாப்பா, நிறுத்திட்டியா?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. தறிக் கொட்டகையில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று வல்லுநர்கள் எச்சரிக்கிறார்கள். அந்தச் சத்தத்தில் வருஷக்கணக்கில் நின்றால் காது முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தைத்தான். வலி இருக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. ச, த, க போன்ற எழுத்துகளை அடையாளம் காட்டும் மெல்லிய ஒலிகள் மேல் அதிர்வெண்களில்தான் இருக்கின்றன. அவை போனால் பேச்சு கேட்கும், வார்த்தை புரியாது. நைனா சொன்னதும் அதுதான். கடையில் "அஞ்சு டீ" என்றால் இவர் இன்னொரு தரம் கேட்பதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். இனி சிரிக்க மாட்டோம்.

நான் செய்தது மருத்துவப் பரிசோதனை ஆகாது. அதனால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் காது பரிசோதனை செய்தோம். இரண்டு காதிலும் மேல் அதிர்வெண் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது, போனது திரும்பாது, காதுக் கருவி வைத்தால் உதவும் என்றார்கள். அதற்காக இப்போது பணம் சேர்க்கிறோம். அதுவரை ஒரு பெட்டியை நைனா நாற்காலிக்குப் பக்கத்தில், அவரைப் பார்த்தபடி வைத்திருக்கிறேன். ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறேன். அம்மா தள்ளி உட்கார்ந்துகொள்கிறார்.

ஆகவே நண்பர்களே, மேலே சொன்ன ஐந்து கேள்விகளோடு ஆறாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கேட்பது யாருடைய காது? உங்கள் அப்பாவோ மாமாவோ தறியிலோ, லேத்திலோ, கல் உடைக்கும் மெஷினிலோ வேலை செய்பவராக இருந்து, "இந்த ஸ்பீக்கர் சரியில்லை" என்று சொன்னால், உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ஒருநாள் பக்கத்தில் உட்கார வைத்துச் சோதித்துப் பாருங்கள். இப்போதும் வேலை செய்பவர் என்றால் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். ஸ்பீக்கரைவிட அது மிக மலிவு.

நாளை நாமும் லேப்பிலும் ஃபேக்டரியிலும் நிற்கப் போகிறவர்கள்தானே!



— மூன்றாமாண்டு மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் மாணவி,
கனகம்மாசத்திரம்