நாய்க்கு ஆகாதது மனிதனுக்கும் ஆகாது!

பூசணம் பிடித்த தானியத்தை "நாய்க்குப் போடலாமே" என்று எடுத்து வைப்போர் உண்டு. அது எத்தனை ஆபத்து என்பதற்கு 1974-ம் ஆண்டு நடந்த சம்பவமே சான்று.

அந்த ஆண்டு குஜராத், ராஜஸ்தான் எல்லைப்புறக் கிராமங்களில் காலம் தப்பி மழை பெய்தது. நனைந்த மக்காச்சோளம் சரியாகக் காயாமல் பூசணம் பூத்தது. ஏழை ஆதிவாசிகளுக்கு வேறு தானியம் வாங்க வழி இல்லை. அதையே அரைத்து ரொட்டி சுட்டுச் சாப்பிட்டனர். வீட்டு நாய்களும் அதையே தின்றன.

விளைவு பயங்கரம்! மஞ்சள் காமாலை கண்டது. வயிறு நீர் கோத்து வீங்கியது. நோய் கண்ட 397 பேரில் 106 பேர் மாண்டனர். நாய்களுக்கும் அதே காமாலை, அதே வீக்கம்!

ஈரலைக் கெடுக்கும் இந்தப் பூசண விஷத்தின் பெயர் அப்ளாடாக்சின். வேக வைத்தாலும், சுட்டாலும் முழுவதும் அழியாது. 1960-ல் இங்கிலாந்தில் சுமார் 1 லட்சம் வான்கோழிகள் மாண்டதும் கடலைப் புண்ணாக்கில் இருந்த இதே விஷத்தால்தான். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் இவ்விஷம் கலந்த நாய்த் தீனி கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே மழைக்காலத்தில் தானியம், புண்ணாக்கு, தீனி எதையும் வெறுந்தரையில் வைக்காதீர்கள். பலகை மேல், ஈரம் படாமல் வையுங்கள். கறுத்துச் சிக்கு வாடை அடித்தால் குப்பையில் கொட்டுங்கள். மாட்டுக்கும் போட வேண்டாம். விஷம் பாலில் இறங்கி, குழந்தையின் தம்ளருக்கே வந்து சேரும்!