பழைய தூண்டிலும் பறியும்: சேகரித்தலும் சீராக்கலும்

பழைய மீன்பிடி கருவிகளைத் தேடிச் சேர்த்துச் செப்பனிடுதல் மேல்நாடுகளில் நெடுநாளாக மதிப்புப் பெற்றதொரு பொழுதுபோக்காகும். ஆயின் அங்குச் சேர்க்கப்படுவன பெரும்பாலும் செல்வந்தர் விளையாட்டாக மீன்பிடித்த கோல்களும், நூல் சுற்றும் ரீல்களுமேயாம். இங்கிலாந்தின் ஆல்னிக் நகரில் 1872-இல் தோன்றிய ஹார்டி சகோதரர் நிறுவனம் 1891-இல் வெளியிட்ட 'பெர்பெக்ட்' ரீல் இவ்வகைக்குச் சிறந்த சான்று. இக்கருவிகள் நம் நாட்டிற்கும் வந்தன. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்திய ஆறுகளில் தூண்டிலிடுதலைப் பற்றி 1873-இலும், ஏரி குளங்களில் தூண்டிலிடுதலைப் பற்றி 1887-இலும் நூல்கள் வெளியிட்டார். நம் ஏரிகளைத் தூண்டிற்காரரின் கண்கொண்டு பார்த்த நூல் இவற்றுள் இரண்டாவது.

ஆனால் அந்த ஏரிகளின் கரையில் வாழ்ந்தவர்களுடைய கருவிகள் என்னவாயின? மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன்களை எண்ணிப் பார்ப்போம். புதுச்சேரி என்றவுடன் கடலும் கட்டுமரமுமே நினைவுக்கு வருகின்றன. மண்ணாடிப்பட்டோ சங்கராபரணி ஆற்றை ஒட்டிய உள்நாட்டுப் பகுதி. இத்தகைய ஏரிப்பாசன நாட்டுப்புறத்தின் கருவிகள் வீச்சு வலை, மூங்கில் தூண்டில், மடைவாயிலும் வாய்க்காலிலும் வைக்கும் பறி, வற்றிய ஏரியில் மீன்மேல் கவிழ்க்கும் ஊத்தா ஆகியவை. இவற்றை ஏலத்தில் கேட்பார் யாருமிலர். சென்னை மாகாண மீன்வளத்துறை இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற சிலரே எளிய மக்களின் மீன்பிடி முறைகளை ஆராயத்தக்க பொருளாகக் கருதி எழுதி வைத்தனர். நைலான் இழை நம் நாட்டில் 1950-களுக்குப் பின் பரவியது. அதன்பின், நாள்தோறும் உலர்த்தியும் மரப்பட்டைச் சாற்றில் தோய்த்தும் பேணப்பட்ட பருத்தி வலை மறைந்தது. உழைத்துத் தேய்ந்த வலையை எவரும் பரணில் ஏற்றி வைப்பதில்லை. ஆகவே இன்று பழைய ஹார்டி ரீல் கிடைத்தாலும் கிடைக்கும். பழைய பருத்தி வலை கிடைப்பது அரிது.

சீராக்குதல் என்பது யாது? செபெதேயுவின் குமாரர் படவிலே வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்ததை மாற்கு 1:19 கூறுகிறது. அங்குள்ள 'கட்டார்டிட்சோ' என்னும் கிரேக்க வினைச்சொல்லையே, குற்றத்தில் அகப்பட்டவனைச் சீர்ப்படுத்துவதற்குக் கலாத்தியர் 6:1-இல் பவுல் வழங்குகிறார். ஒரு பொருளை அதன் பணிக்கு ஏற்றதாக்குதல் என்பதே இச்சொல்லின் கருத்து. புதிதுபோல் மினுக்குதல் அன்று. கெனசரேத்துக் கடலோரத்துச் சேற்றில் 1986-இல் கண்டெடுக்கப்பட்ட பழைய படகு இதற்குத் துணை நிற்கிறது. பலவகை மரத்துண்டுகளால் ஒட்டுப்போடப்பட்ட படகு அது. அந்த ஒட்டுகளே அதை உடையவனின் வறுமையையும் திறமையையும் நமக்குச் சொல்லுகின்றன. அவற்றை நீக்கி நல்ல பலகை பொருத்தியிருந்தால் படகு அழகாயிருக்கும், சாட்சி போயிருக்கும்.

பறியைச் செப்பனிடுவோர் முதலில் அதன் அமைப்பை அறிதல் வேண்டும். அதன் வாயில் மூங்கிற் சிம்புகள் உள்நோக்கிக் குவிந்திருக்கும். நீரோட்டத்தோடு நுழையும் மீன் அவற்றை விலக்கிக்கொண்டு செல்லும். திரும்பி வரும்போது கூர்முனைகள் எதிர்ப்படும். எனவே அச்சிம்புகளின் சாய்வு மாறினால் பறி வெறுங்கூடையாகிவிடும். முதற்பகை உளு. மூங்கிலிலுள்ள மாவுப்பொருளை நாடியே உளுப்பூச்சி வருகிறது. வெட்டிய மூங்கிலை நீரில் ஊறவைக்கும் நம் முன்னோர் வழக்கத்தின் காரணமும் அதுவே. உளுத்த பறியை நெகிழித்தாளில் இறுகச் சுற்றி, சுழிக்குக் கீழே 20 பாகைக் குளிரில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சி மடியும். கட்டு அறுந்திருப்பின் அதே வகை நாரினாலேயே கட்டுக. நைலான் நூல் மூங்கிலை அறுக்கும். பழைய முடிச்சை வெட்டி எறியாமல் ஓர் உறையிலிட்டுப் பறியோடு வைத்தல் நலம், ஏனெனில் முடிச்சு ஒருவர் கைவழக்கம். வார்னிஷ் பூசுவது தேவையற்றது, பார்ப்பதற்கும் நன்றாயிராது.

பழைய மிஷன் பங்களாவின் பரணில் மேல்நாட்டுக் கோல் ஏதேனும் அகப்படுமாயின், அது பெரும்பாலும் ஆறு மூங்கிற் பட்டைகளை ஒட்டிச் செய்ததாயிருக்கும். பழங்காலப் பசை நம் மழைக்கால ஈரத்தில் நெகிழும். சுவரில் சாய்த்து வைத்தால் கோல் வளைந்துவிடும், தொங்கவிடுதலே முறை. பட்டுப்புழுவின் சுரப்பியிலிருந்து இழுத்துச் செய்த நரம்பு உடனிருந்தால் உலர்ந்த நிலையில் அதை வளைக்கலாகாது, ஒடிந்துவிடும். ரீலைப் புளியிட்டுத் துலக்குவோர் அதன் பழைய மேற்பூச்சையும் செய்தவர் முத்திரையையும் சேர்த்தே துலக்கிவிடுகின்றனர். மெல்லிய துணியும் சிறிது எண்ணெயும் போதும்.

தூண்டில் முள்ளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. (புதிய ஏற்பாட்டில் தூண்டில் வருவது மத்தேயு 17:27 ஒன்றில்தான், மற்றவிடமெல்லாம் வலையே.) துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைக்கலாம். தக்கை, நெட்டியாயினும் மயிலிறகுத் தண்டாயினும், எண்ணெய் படாமல் காக்கப்படவேண்டும்.

வீச்சு வலையின் ஈயக்குண்டுகளில் எச்சரிக்கை தேவை. மரப்பெட்டியில் மூடிவைத்த ஈயத்தின்மேல் வெண்பொடி படியும். மரத்தினின்று கசியும் புளிப்பாவியே அதற்குக் காரணம். அப்பொடி நஞ்சு, அதைத் தேய்த்து உதிர்த்தலும் ஊதுதலும் தீது. ஈரத்துணியால் ஒற்றியெடுத்துக் கை கழுவி, வலையைக் காற்றோட்டமான இடத்தில், சிறுவர்க்கு எட்டாமல் வைத்தல் வேண்டும்.

முதியவர் ஒருவர் மறைந்தபின் அவர் வீட்டுப் பொருள்கள் வெளியே போடப்படும் வேளையில் முதலில் அழைக்கப்படுபவர்களுள் சபைப்போதகரும் ஒருவர். அப்பொழுது பறியோ ஊத்தாவோ கண்ணில் பட்டால், வீட்டார் இசைவோடு கேட்டு வாங்கி, கையோடு ஒரு சீட்டு எழுதிக் கட்டுவது நல்லது. எந்த ஊர், எந்த ஏரி அல்லது வாய்க்கால், யார் முடைந்தது, எந்த மாதத்தில் எந்த மீனுக்கு வைத்தது, அவ்வூரார் அதற்கு வழங்கும் பெயர் யாது ஆகியவற்றை அச்சீட்டு சொல்லவேண்டும். மையைவிடப் பென்சிலே மேல், ஈரத்தில் அழியாது.