ஏ.ஐ. வகுப்பில் யாருக்கெல்லாம் இடம்?

தாய்லாந்தில் ஓர் அரசு சுகாதார நிலையம். சர்க்கரை நோயாளிகள் வரிசையில் காத்திருக்கிறார்கள். நர்ஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கேமரா முன் உட்காரவைத்து, விழித்திரையைப் படம் எடுக்கிறார். முன்பெல்லாம் அந்தப் படம் வேறு ஊரிலிருக்கும் கண் மருத்துவருக்குப் போய், முடிவு திரும்பிவரப் பத்து வாரம்கூட ஆகும். அப்போது நாட்டில் சுமார் 45 லட்சம் சர்க்கரை நோயாளிகள். விழித்திரை நிபுணர்களோ வெறும் 200 பேர். அதனால்தான் கூகுளின் ஏ.ஐ. மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். சில நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடும் என்பது ஏற்பாடு.

நடந்தது வேறு. 11 நிலையங்களில் முதல் ஆறு மாதங்களில் 1,838 படங்கள் மென்பொருளுக்குப் போயின. அவற்றில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று அது பார்க்கவே மறுத்துவிட்டது. காரணம் மிகச் சாதாரணமானது. விழித்திரையைத் தெளிவாகப் படமெடுக்க அறை இருட்டாக இருக்க வேண்டும்; அப்போதுதான் கண்ணின் பாவை விரியும். அந்த 11 நிலையங்களில் இரண்டில் மட்டுமே விளக்கை அணைத்து இருட்டாக்கக்கூடிய தனி அறை இருந்தது. படம் தேறாதவர்கள் இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டு, தொலைவிலிருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது விதி. அந்த அலைச்சலை நினைத்து, "இதில் சேரவே வேண்டாம்" என்று நோயாளிகளிடம் சொன்ன நர்ஸ்களும் உண்டு.

சோதனைக்கூடத்தில் அதே மென்பொருள் 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. கணக்கிலோ நிரலிலோ பிழை தேடிப் பயனில்லை. விட்டுப்போனது அறையின் விளக்கு, மெதுவான இன்டர்நெட், நோயாளியின் ஒரு நாள் கூலி. இவற்றைக் கண்டறிந்து 2020இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர்கள், மனிதர்கள் கருவிகளை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஆராய்பவர்கள். நிலையங்களுக்கே போய் உட்கார்ந்து, நர்ஸ்களின் வேலையைக் கவனித்து எழுதினார்கள்.

ஏ.ஐ.யில் பல்துறை முதுகலைப் பட்டம் எதற்கு என்று கேட்பவருக்கு இந்த இருட்டறைக் கதையைச் சொன்னால் போதும்.

இந்தத் துறை பிறந்ததே பல வீட்டுப் பிள்ளைகளால்தான். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1966இல் இயந்திர நுண்ணறிவுக்கென ஒரு துறை தொடங்கப்பட்டது. அதை நிறுவிய மூவரில் கிறிஸ்டோபர் லாங்கெட்-ஹிக்கின்ஸ் வேதியியலாளர். ரிச்சர்ட் கிரகரி, கண் எப்படிப் பார்க்கிறது என்று ஆராய்ந்த உளவியலாளர். டொனால்டு மிச்சி, போர்க்காலத்தில் ஜெர்மானிய ரகசியக் குறியீடுகளை உடைத்துவிட்டுப் பிறகு மரபியலுக்குப் போனவர். மிச்சி 1960களின் தொடக்கத்தில் 304 தீப்பெட்டிகளில் வண்ண மணிகளைப் போட்டு, ‘எக்ஸ்-ஓ’ ஆட்டம் ஆடும் ‘இயந்திரம்’ ஒன்றைச் செய்தார். ஜெயித்தால் மணிகளைக் கூட்டுவார், தோற்றால் எடுத்துவிடுவார். ஆட ஆட, தீப்பெட்டிகள் ‘கற்றுக்கொண்டன’. இன்று ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் என்று வகுப்பில் நடத்தும் பாடத்தின் சாரம் அந்தப் பெட்டிகளிலேயே இருக்கிறது.

அந்த எடின்பரோவில்தான் ஜெஃப்ரி ஹின்டன் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய இளங்கலை கேம்பிரிட்ஜில், உளவியலில். 2024இல் அவருக்குக் கிடைத்ததோ இயற்பியல் நோபல். அதே ஆண்டு வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட டெமிஸ் ஹசாபிஸ், கணினி அறிவியல் படித்த பிறகு மூளை அறிவியலில் முனைவர் ஆனவர். உளவியல்காரருக்கு இயற்பியல் பரிசு, மூளையை ஆராய்ந்தவருக்கு வேதியியல் பரிசு! துறைகளுக்கு இடையிலான சுவர்கள் எவ்வளவு மெலிந்துவிட்டன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1986லேயே ‘சிம்பாலிக் சிஸ்டம்ஸ்’ என்ற படிப்பைத் தொடங்கியது. கணினி அறிவியல், மொழியியல், தத்துவம், உளவியல் நான்கையும் ஒரே பட்டத்தில் பிசைந்து கொடுக்கும் படிப்பு அது. இன்ஸ்டாகிராமை நிறுவிய இருவரில் ஒருவரான மைக் க்ரீகர் அதில் படித்தவர்தான்.

நம் ஊருக்கு இது சற்றுத் தாமதமாக வந்தாலும் இப்போது வேகம் பிடித்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் சிவில், மெக்கானிக்கல், உலோகவியல் என எந்தப் பிரிவில் பி.டெக். சேர்ந்த மாணவரும், இடையில் விண்ணப்பித்து ஐந்தாண்டுப் பல்துறை இரட்டைப் பட்டத்துக்கு மாறி, டேட்டா சயின்ஸில் எம்.டெக். பெறும் வழி இருக்கிறது. அதன் முன்னாள் மாணவர் சுனில் வாத்வானி கொடுத்த 110 கோடி ரூபாயில் 2024இல் டேட்டா சயின்ஸ், ஏ.ஐ.க்கென்றே தனிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே அந்த ஐ.ஐ.டி. கடல் கடந்து, தான்சானியாவின் சான்சிபார் தீவில் ஒரு வளாகம் திறந்தது. அங்கே தொடங்கிய முதல் படிப்புகளில் ஒன்று, டேட்டா சயின்ஸ், ஏ.ஐ.யில் இரண்டாண்டு எம்.டெக். வளாகத்தின் முதல் இயக்குநர் ப்ரீத்தி அகலாயம், கெமிக்கல் என்ஜினியரிங் பேராசிரியர்.

நுழைவாயிலும் மாறியிருக்கிறது. எம்.டெக். நுழைவுத் தேர்வான கேட்டில் 2024 முதல் டேட்டா சயின்ஸ், ஏ.ஐ.க்குத் தனித் தாள். மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண்; மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். கேட் எழுதக் கலை, வணிகவியல் பட்டதாரிகளுக்கும் அனுமதி உண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தேர்வு எழுத அனுமதி வேறு, எம்.டெக். சேர அனுமதி வேறு. பி.இ., பி.டெக்., குறிப்பிட்ட எம்.எஸ்சி. பட்டங்கள் என்று ஒவ்வொரு நிறுவனமும் தனித் தகுதி வைத்திருக்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் அந்தத் தகுதிப் பக்கத்தை இரண்டு முறை படிப்பது நல்லது.

அந்தத் தாளின் பாடத்திட்டத்தைப் பிரித்தால் முதலில் கண்ணில் படுவது ஏ.ஐ. அல்ல, கணிதம். நிகழ்தகவு, புள்ளியியல், லீனியர் அல்ஜீப்ரா, கால்குலஸ். அதன் பிறகே புரோகிராமிங்கும் மெஷின் லேர்னிங்கும். பிற துறைகளிலிருந்து வருபவர்கள் தடுக்கி விழுவதும் பெரும்பாலும் இங்கேதான். பைத்தானை மூன்று மாதத்தில் பழகிக்கொள்ளலாம். ஒரு மேட்ரிக்ஸ் என்ன செய்கிறது என்று மனக்கண்ணில் பார்க்கப் பழகுவதற்கு அதைவிட அதிக நாள் பிடிக்கும். கணிதம் இல்லாமல் ஏ.ஐ. நிபுணர் ஆக்குகிறோம் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவதற்குப் பதில், அந்தப் பணத்தில் ஒரு டியூஷன் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பிற துறையிலிருந்து வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை என்பதும் உண்மை. சிவில் மாணவர் சர்வே பாடத்தில், அளவைகளில் சிதறிக்கிடக்கும் பிழைகளைச் சரிக்கட்ட ‘லீஸ்ட் ஸ்கொயர்ஸ்’ முறையைப் போட்டிருப்பார். பொருளியல் மாணவர் அதையே எகனாமெட்ரிக்ஸில் பார்த்திருப்பார். மெஷின் லேர்னிங் வகுப்பின் முதல் வாரத்தில் வரும் லீனியர் ரிக்ரஷனும் அதுதான். பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1805இல் அதை வெளியிட்டது, வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணக்கிட. வானவியலில் பிறந்து, நிலம் அளந்து, விலைவாசி அளந்து, இப்போது ஏ.ஐ. வகுப்பின் வாசற்படியாக நிற்கிறது. பெயர் மாறியிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைவிடப் பாடப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பழைய கணினி அறிவியல் எம்.டெக்.கிற்கே புதுப் பலகை மாட்டிய இடங்கள் இருக்கின்றன. இரண்டு கேள்விகள் போதும். பிற துறைப் பாடங்களை மதிப்பெண்ணோடு எடுக்க முடியுமா? கடைசி ஆண்டு ஆய்வுத் திட்டத்துக்கு இரு துறைகளிலிருந்தும் வழிகாட்டிகள் கிடைப்பார்களா? இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், பல்துறை என்பது விளம்பரத் தாளில் மட்டும்தான்.

இரண்டு வழிகாட்டிகள் இருந்தால் என்ன நடக்கும்? தமிழையே எடுத்துக்கொள்ளலாம். ‘போகவேண்டியிருந்ததால்தான்’ என்ற ஒற்றைச் சொல்லை மொழியியல் பேராசிரியர் பலகையில் எழுதினால் போக, வேண்டி, இருந்தது, ஆல், தான் என்று பிரித்துக் காட்டுவார். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதையே ஏ.ஐ. மொழி மாதிரிக்கு (லாங்குவேஜ் மாடல்) கொடுத்தால், அது இலக்கணம் பார்த்து வெட்டாது. அடிக்கடி சேர்ந்து வரும் எழுத்துகளை எண்ணிப் பார்த்து வெட்டும். ‘பைட் பேர் என்கோடிங்’ என்ற அந்த முறை 1994இல் கோப்புகளைச் சுருக்கி வைப்பதற்காகப் பிறந்தது. அதை 2016இல் இயந்திர மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவந்தவர்கள் அதே எடின்பரோவின் ஆய்வாளர்கள்.

பயிற்சிக்குக் கொடுத்த எழுத்துகளில் ஆங்கிலம் மலைபோல இருந்து தமிழ் கைப்பிடியளவு இருந்தால், வெட்டு தாறுமாறாக விழும். ஒரு தமிழ்ச் சொல் பல துண்டுகளாகச் சிதறும். துண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் சேவைகளில், ஒரே விஷயத்தைத் தமிழில் கேட்பவருக்குக் கூடுதல் செலவு. இந்திய மொழிகளுக்கான கருவிகளைச் சென்னை ஐ.ஐ.டி.யின் ‘ஏ.ஐ.4பாரத்’ குழு உருவாக்கிவருகிறது. அதன் மொழிபெயர்ப்பு மாதிரி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளையும் கையாள்கிறது. ஆனாலும் ‘போகவேண்டியிருந்ததால்தான்’ எங்கே வெட்டப்பட வேண்டும், பேச்சுத் தமிழின் ‘போவேண்டியிருந்துச்சு’க்கும் அதே வெட்டுதானா, புணர்ச்சியில் மறைந்துபோன எழுத்தை மீட்டுக்கொடுத்துவிட்டு வெட்டுவதா, அப்படியே வெட்டுவதா என்பதெல்லாம் ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குத் தாராளமாகப் போதுமான கேள்விகள். தமிழ் எம்.ஏ. படித்தவர் மட்டும் உட்கார்ந்தாலும் முடியாது, எம்.டெக். படித்தவர் மட்டும் உட்கார்ந்தாலும் முடியாது. ஒரே மேசையில் ஒருவர் நன்னூலையும் இன்னொருவர் லேப்டாப்பையும் திறந்துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.