வலந்தலையில் ஒரு கரும்பொட்டு

பழவேற்காட்டு ஏரிக்கரையில் வலை சீர்செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த நைலான் இழை ஒன்றை இரு ஆணிகளுக்கிடையே விறைப்பாகக் கட்டிச் சுண்டுங்கள். ஒரு சுரம் எழும். இனி, அடிப்பாகம் நீக்கிய தகர டப்பாவின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டித் தட்டுங்கள். 'டப்' என்ற ஓசைதான் வரும். அதனோடு சேர்ந்து பாட முடியாது. ஏன் இந்த வேறுபாடு?

இழை முழுமையாக அதிரும்போதே இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்தும் அதிர்கிறது. அடிப்படை அதிர்வெண் 100 எனில் மேற்சுரங்கள் 200, 300, 400 என முழு எண் மடங்குகளாக அமையும். காது இவற்றை ஒரே சுரமாக ஏற்கிறது. ஒரே சீரான வட்டச் சவ்விலோ 100க்கு அடுத்தவை ஏறத்தாழ 159, 214, 230! இவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை.

அப்படியானால் மிருதங்கத்துக்கு மட்டும் சுருதி சேர்ப்பது எப்படி? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் சர் சி. வி. இராமன். அவர் வீட்டில் இசை தலைமுறைச் சொத்து. தந்தை சந்திரசேகர ஐயர் வயலின் வாசிப்பவர். மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர். அண்ணன் சி. சுப்பிரமணிய ஐயர் கருநாடக இசை பற்றி நூல் எழுதியவர். அந்த அண்ணனின் மகள் வித்யா சங்கர் புகழ்பெற்ற வீணைக் கலைஞர். மகன்தான் 1983இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர்!

1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்தும், 1934இல் விரிவாகவும் இராமன் விடையை வெளியிட்டார். தோலின்மீது மணலைத் தூவி, அது எந்தக் கோடுகளில் தங்குகிறது என்று பார்த்தார். அவை அசையாத இடங்கள். இரகசியம், வலந்தலையின் நடுவிலுள்ள 'சோறு' என்னும் கரும்பூச்சில் இருந்தது.

அடிப்படை அதிர்வில் தோலின் நடுப்பகுதியே மிக அதிகமாக அசைகிறது. எனவே சோற்றின் எடை அந்த அதிர்வெண்ணை வெகுவாகத் தாழ்த்துகிறது. அடுத்த அதிர்விலோ விட்டத்தின் வழியே ஒரு கோடு அசையாமல் நிற்கும். நடுவிலுள்ள எடை அதை அவ்வளவாகத் தாழ்த்துவதில்லை. ஆகவே இரண்டுக்கும் உள்ள விகிதம் 1.59இலிருந்து 2 ஆக விரிகிறது. இவ்வாறே ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சீரிசைச் சுரங்களாக ஒழுங்குபடுகின்றன. தோலும் தந்தியைப் போலப் பாடுகிறது!

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இராமன் கண்டது காரணத்தை. பூச்சைக் கண்டவர்கள் வேறு. சோற்றையும் கல்பொடியையும் பிசைந்து, படலம் படலமாகத் தடவி, கல்லால் தேய்த்து, தட்டித் தட்டிக் கேட்டவர்கள் மிருதங்கம் செய்யும் குடும்பத்தார். தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது அந்தக் காது. தோலைத் தொட்டு உழைப்பதாலேயே சமூகம் அவர்களைத் தள்ளி வைத்தது. மேடையில் அவர்கள் பெயர் ஒலித்ததும் அரிது. 2020இல் டி. எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூல் அவர்கள் வரலாற்றைச் சொல்கிறது.

இப்போது உங்கள் டப்பாவை எடுங்கள். ரப்பரின் நடுவில் சிறிது கோதுமை மாவுப் பிசையலை ஒட்டித் தட்டுங்கள்; ஓசை தாழ்வதைக் கேட்பீர்கள். மாவைக் கூட்டியும் குறைத்தும், பரப்பியும் பாருங்கள். ஓசை எப்போது சுரமாகத் தெளிகிறது? எளிதில் கிட்டாது. கிட்டாதபோதுதான் அந்தக் கைகளின் அருமை விளங்கும்.