அக்கானியும் கள்ளும்

1956இல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. எல்லைக்கு இருபுறமும் பனை ஒன்றே. பதநீருக்கு ‘அக்கானி’ என்ற பெயரும் ஒன்றே.

அக்கானியும் கள்ளும் ஒரே பாளையில் வடிவதுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் காரத்தன்மை ஏறி, ஈஸ்ட் வேலை செய்யாது. அக்கானி இனிப்பாகவே நிற்கும். தடவாமல் விட்டால் சில மணி நேரத்திலேயே நுரைத்துக் கள்ளாகும்.

மேல்நாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுவோர் சேர்க்கும் ஹாப்ஸ் பூ வேறு வகை. அது ஈஸ்டை விட்டுவிட்டு, புளிக்கவைக்கும் பாக்டீரியா சிலவற்றை மட்டும் அடக்கும். கொதியில் போட்டால் கசப்பு இறங்கும். மணமோ ஆவியோடு போய்விடும். அதனால்தான் நொதித்து அடங்கிய பீரில் முழுப்பூவை ஊறவிடுகிறார்கள்.

ஆகவே பனையேறியைக் கண்டதும் ‘கள்ளிறக்குகிறவர்’ என்று சொல்லிவிடாதீங்க. கலயத்தில் சுண்ணாம்பு இருக்கான்னு முதலில் கேளுங்க.